டோக்கியோவிலிருந்து வில்லியனூர் வழியாக

மூலக்குளத்தில் டயர் கடைக்குப் பின்புறம் ஒரு விமானம் நின்றது. அதற்கு இறக்கை கிடையாது, சக்கரமும் கிடையாது. ஏலத்தில் எடுத்த டவுன் பஸ்ஸின் கூட்டைச் சிமெண்டுக் கற்களின் மேல் உட்கார வைத்து, வெள்ளை அடித்து, இடுப்பில் நீலக் கோடு இழுத்திருந்தார்கள். வெள்ளைக்கு அடியிலிருந்து ‘மகளிர்’ என்ற எழுத்து மட்டும் இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ககனதீபம் பன்னாட்டு வான்சேவைக் கழகத்தின் மாணவர்கள் அதைப் பஸ் என்று சொல்லக் கூடாது. சொன்னால் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். ஆங்கிலத்துக்குப் பயந்தே எல்லோரும் அதை விமானம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

கரியமாணிக்கத்து வைஜெயந்தியும் ஒப்புக்கொண்டாள். இயற்பியலில் பி.எஸ்சி. முடித்தவள். வாய் திறந்து பேசுவது மட்டும் அவளுக்கு வராது. பஸ்ஸில் நிறுத்தம் வந்தால்கூட, வேறு யாராவது ‘எறங்கணும்’ என்று கத்துகிறார்களா என்று காத்திருப்பாள். கத்தவில்லையென்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவாள். அவள் படித்த கல்லூரிக்கு ஒரு நாள் டை கட்டிய ஆள் ஒருவர் வந்து, விமான நிலையங்கள் ஆளில்லாமல் தவிப்பதைச் சொல்லி வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தைத் துடைக்க அவள் அம்மா தனக்கொடி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகு வைத்துக் கட்டணம் கட்டினாள். தனக்கொடி திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள். தன் மகளாவது பசை ஒட்டாத கையோடு வேலைக்குப் போகட்டும் என்பது அவள் எண்ணம்.

சேர்ந்த அன்றே, பத்தாவது முதல் பட்டம் வரை எல்லா ஒரிஜினல் சான்றிதழையும் வாங்கி இரும்பு பீரோவில் பூட்டினார் உஷாராணி மேடம். கழகத்தின் நிர்வாகி. யார் எந்த ஊருக்குப் பறப்பது என்று அட்டவணை போடுகிறவரும் அவர்தான்.

“முன்னூறு மணி நேரம் பறந்து முடிச்சிட்டு வாங்கிக்கோ. அதுவரைக்கும் இங்க பத்திரமா இருக்கும். வூட்ல வச்சா கரையான் அரிச்சிடும்” என்றார்.

கரையான் ஏன் மூலக்குளத்துக்கு வராது என்று வைஜெயந்தி கேட்கவில்லை.

நிறுவனர் கேப்டன் புகழ்வேந்தன் முன்பு பக்கத்து வில்லியனூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். இப்போது வெள்ளைச் சட்டையில் தோளுக்கு நான்கு தங்கப் பட்டை. மூன்றோடு ஆரம்பித்தவர், நான்காவதைப் போன ஆயுத பூஜைக்குத் தைத்துக்கொண்டார். அவர் உண்மையிலேயே விமானத்தில் ஏறியிருக்கிறாரா என்று மாணவர்களுக்குள் ஒரு சந்தேகம் உண்டு. அது தப்பு. ஏறியிருக்கிறார். ஐதராபாத்துக்கு ஒரு தரம், நடு சீட்.

“மத்த இடத்துல புஸ்தகத்தைக் கொடுத்து ஏமாத்துவாங்க” என்று முதல் வகுப்பில் சொன்னார். “நாம நேரத்தைக் கொடுக்குறோம். பாரிஸுக்குப் பத்தரை மணி நேரம்னா, பத்தரை மணி நேரம் நீங்க உள்ள இருந்தாகணும். ஒரு நிமிஷம் குறையாது. இந்தியாவுல இப்படி ஒரு பயிற்சி வேற எங்கயும் கிடையாது.”

அதை யாரும் மறுக்க முடியாது.

விமானத்தின் பின்பக்கம் ஒரு சுவர்க் கடிகாரம், முன்பக்கம் ஒரு சுவர்க் கடிகாரம். பின்னால் இருப்பது கிளம்பும் ஊரின் நேரத்தைக் காட்டும். முன்னால் இருப்பது சேரும் ஊரின் நேரத்தை. கிளம்பும்போது கேப்டன் பின் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். இறங்கும்போது முன் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாணவரின் கணக்கில் ஏறும். அதுதான் பறந்த நேரம். இந்த முறையைக் கேப்டன் தானே கண்டுபிடித்தார். அதற்காகத் தனக்குத் தானே ஒரு கேடயமும் கொடுத்துக்கொண்டார். அது மேஜை மேல் இருந்தது.

வைஜெயந்தியின் முதல் பயணம் சென்னையிலிருந்து பாரிஸுக்கு. காலை எட்டரைக்குக் கதவைச் சாத்தினார்கள். சித்திரை வெயில். கூரையில் இரண்டு ஃபேன். பயணிகளாக உட்காரக் கழகம் ஆட்களைக் கூலிக்கு வைத்திருந்தது. எல்லோரும் பெண்கள். கடலில் மீன்பிடித் தடைக்காலம், கூடையில் மீன் இல்லை, தெருவில் கூவவும் வழியில்லை. ஆகவே நரம்பைக் கடற்கரையிலிருந்து குப்புவும் அவள் தெருப் பெண்களும் தினம் ஒரு வெளிநாட்டுக்குப் போய்வந்தார்கள். கூலியோடு மதியம் சாம்பார் சாதம்.

வைஜெயந்தி தள்ளுவண்டியோடு வந்து, மனப்பாடம் செய்ததை ஆங்கிலத்தில் சொன்னாள். டீயா, காப்பியா என்பது அதன் பொருள்.

“இன்னாமா வாயிக்குள்ளியே முணுமுணுக்கற?” என்றாள் குப்பு. “மீன் விக்கறவ இப்பிடிக் கூவுனா, மீனு நாறிப் பூடும். எது கீதோ அத்தக் குடு.”

“டீதான் இருக்கு குப்பக்கா.”

“அப்புறம் இன்னாத்துக்கு ரெண்டு பேரு சொன்ன?”

சாயங்காலம் ஏழு மணிக்குப் பாரிஸ் வந்தது. எல்லோரும் வியர்வையில் நனைந்து டயர் கடைப் பக்கம் இறங்கினார்கள். முன் கடிகாரம் பாரிஸின் மாலை மூன்றரையைக் காட்டியது. சென்னையில் கிளம்பியது எட்டரை. கேப்டன் கழித்துப் பார்த்து, “ஏழு மணி நேரம்” என்றார்.

கேப்டன் முன்னால் வைஜெயந்தி அன்றுதான் முதல் முறையாக வாய் திறந்தாள். “சார், பத்தரை மணி நேரம் உக்காந்திருந்தோம் சார். ரெண்டு கடிகாரமும் வேற வேற ஊர் நேரம். அதக் கழிச்சா...”

கேப்டன் அவளைப் பரிவோடு பார்த்தார்.

“நீ எந்த ஊரும்மா?”

“கரியமாணிக்கம் சார்.”

“அதான். கரியமாணிக்கத்துல ஒரே நேரம்தான் இருக்கு. உலகத்துல இருபத்துநாலு நேரம் இருக்கு. ஒரு நேரத்துல வளந்த பொண்ணுக்கு இது புரிய நாளாகும். கடிகாரம் பொய் சொல்லுமா? சொல்லு.”

“சொல்லாது சார்.”

“அப்ப யாரு பொய் சொல்றா?”

மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். வைஜெயந்தி தள்ளுவண்டியைத் துடைக்கப் போனாள்.

விஷயத்தை மற்றவர்கள் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். மேற்கே போனால் நேரம் குறைகிறது. கிழக்கே வந்தால் கூடுகிறது. பாரிஸிலிருந்து சென்னைக்குத் திரும்பினால் பதினான்கு மணி நேரம் ஏறும். ஆனால் பாரிஸுக்குப் போனவர்களே திரும்பி வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. திரும்பி வரும் பயணங்களை உஷாராணி மேடம் தனக்கு வேண்டியவர்களுக்குப் போட்டார். வேண்டியவர்கள் என்றால், அவர் வீட்டு மாடித் தொட்டியைக் கழுவியவர்கள், அவர் தங்கை கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறியவர்கள். போகிற பயணங்கள் வாய் பேசாதவர்களுக்கு. வைஜெயந்தி பாரிஸுக்குப் போனாள், பிறகு ரியூனியனுக்குப் போனாள். ஒருபோதும் திரும்பி வரவில்லை. மற்ற நாள்களில் கரண்டு போய்விடும். ஃபேன் நின்று பயணிகளில் மூன்று பேர் எழுந்து நின்றுவிட்டால் அது மோசமான வானிலை. பயணம் ரத்து, கணக்கில் ஒன்றும் ஏறாது. ஒன்றரை மாதத்தில் அவள் சேர்த்தது பதினொரு மணி நேரம்.

இந்த நிலையில்தான் பிரிட்டோவை டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுப்பினார்கள். பிரிட்டோ வில்லியனூர்ப் பையன், வாய்த் துடுக்கு. பயணத்துக்கு முன் எல்லோரையும் வரைபடத்தின் முன்னால் நிறுத்திக் கேப்டன் வழித்தடம் சொல்வது வழக்கம். தூரத்தைத் தையல்காரர் டேப்பால் அளப்பார். டோக்கியோ வரைபடத்தின் வலது ஓரம். லாஸ் ஏஞ்சல்ஸ் இடது ஓரம். டேப்பை டோக்கியோவில் வைத்து, சீனா, இந்தியா, அரேபியா, ஆப்பிரிக்கா எல்லாவற்றின் மேலும் இழுத்துக்கொண்டு போனார். டேப் போதாமல் நடுவில் விரலை வைத்து மறுபடி அளக்க வேண்டியிருந்தது.

“சார், அந்தாண்ட பக்கமா போனா கிட்டதான சார்?” என்றான் பிரிட்டோ. “ஜப்பானுக்குக் கிழக்கால?”

“கிழக்கால என்ன இருக்கு? பாரு. ஆணி இருக்கு. அதுக்கப்புறம் செவுரு. செவுத்து மேல விமானத்த ஓட்டச் சொல்றியா?”

“போன்ல பத்து மணி நேரம்னு போட்டிருக்கு சார். இவ்ளோ தூரம்னா எப்பிடிப் பத்து மணி நேரத்துல...”

“இந்தத் தடத்துல டிராஃபிக் கம்மி. வேகமாப் போலாம்.”

எனவே டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் விமானம் வில்லியனூர் வழியாகப் போயிற்று. புறப்பட்டுச் சில மணி நேரத்தில் பிரிட்டோ ஒலிபெருக்கியில், இப்போது நாம் வில்லியனூருக்கு மேலே முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் இருக்கிறோம் என்று அறிவித்தான். கழகத்தின் விதிப்படி அறிவித்தாக வேண்டும்.

“கண்ணு, அப்பிடியே ஓரங்கட்டு” என்று குப்பு எழுந்தாள். “ரேசன் கடையில அரிசி போட்டுகினு கீறான். வாங்கிகினு வந்துடறேன்.”

“பறந்துகிட்டிருக்கோம் குப்பக்கா.”

“பறந்துகினு இரு. நான் எறங்கிக்கறேன்.”

டோக்கியோவில் நண்பகல் பன்னிரண்டுக்குக் கிளம்பிய விமானம், லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நாள் காலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. கேப்டன் இரண்டு கடிகாரத்தையும் பார்த்தார். அவற்றின் கீழே மாட்டியிருந்த நாட்காட்டிகளையும் பார்த்தார். ஒரே தேதி. பிரிட்டோ தான் கிளம்புவதற்கு ஆறு மணி நேரம் முன்னால் வந்து சேர்ந்துவிட்டான். வேறு ஒருவராக இருந்தால் இந்த இடத்தில் கடிகார முறையைச் சந்தேகப்பட்டிருப்பார். கேப்டன் பிரிட்டோவைச் சந்தேகப்பட்டார்.

“ஆறு மணி நேரம் கழிச்சுக்கோங்க” என்றார் மேடத்திடம்.

பிரிட்டோவின் கணக்கில் இருந்ததே நான்குதான். கழித்ததும் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு. மறுநாள் காலை அணிவகுப்பில் உஷாராணி மேடம் அவனை முன்னால் நிறுத்தினார்.

“ஒரு மணி நேரம் பறந்தவங்க இங்க இருக்காங்க. பறக்கவே பறக்காதவங்களும் இருக்காங்க. ஆனா பூஜ்யத்துக்குக் கீழ போனவனுக்கு என்ன அர்த்தம்? அவன் இன்னும் இங்க சேரவே இல்லைன்னு அர்த்தம். சேராதவனுக்கு இங்க பேரும் கிடையாது, பேட்ஜும் கிடையாது. அவன் பேப்பரக்கூட இந்தக் கட்டடத்துல வச்சிக்க மாட்டோம். வெளிய எறிஞ்சிடுவோம். இது கேப்டன் போட்ட விதி.”

பிரிட்டோ அழுதுவிட்டான். அவன் அப்பா ஓடி வந்து பேசி, சிறப்புக் கட்டணம் கட்டினார். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து டோக்கியோவுக்கு அவனை ஒரு தரம் திருப்பி அனுப்பினார்கள். ஒரே நாளில் இருபத்தெட்டு மணி நேரம் ஏறியது. கழகத்தின் வரலாற்றிலேயே ஒரு நாளில் இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் உழைத்த மாணவன் என்று அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். அதன் பிறகு டோக்கியோ என்ற பேரைக் கேட்டாலே மாணவர்கள் நடுங்கினார்கள்.

ஒரு திங்கட்கிழமை வைஜெயந்தியின் போனுக்குச் செய்தி வந்தது. படித்து முடித்ததும் எழுதிப் போட்டிருந்த அரசு ஆய்வக உதவியாளர் தேர்வில் பேர் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு. எல்லா ஒரிஜினலும் கொண்டுவர வேண்டும். கொண்டுவராதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போகும்.

“ஒரு நாளைக்கு மட்டும் மேடம். சனிக்கிழமையே திருப்பிக் கொடுத்துடறேன்.”

“ஒரிஜினல் போனா ஆளும் போயிடும்மா” என்றார் உஷாராணி மேடம். அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அது. “ஆளு போனா, கேப்டனோட கனவு என்னாகறது?”

கேப்டனிடம் போனாள். அவர் கேடயத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினார்.

“உன் சான்றிதழ் உனக்குச் சொந்தந்தாம்மா. யாரு இல்லன்னா? ஆனா உன்கிட்ட இருந்தா அது வெறும் காகிதம். எங்ககிட்ட இருக்கறதாலதான நீ அதத் தேடிகிட்டு வர்ற? அதுக்கு மதிப்பக் கொடுத்ததே நாங்கதான். லேப்ல குடுவை கழுவற வேலைக்கா போகப் போற? உன்ன நான் வானத்துல பாக்குறேன்.”

அம்மாவுக்குப் போன் செய்தாள். தனக்கொடி கம்பெனியில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே கத்தினாள்: “அழுவுடி! அழுதா குடுப்பாங்க!”

வைஜெயந்திக்கு அழுகை வரவில்லை. டயர் கடை ஓரமாகப் போய் நின்று கணக்குப் போட்டாள். கையிருப்பு பதினொன்று. முன்னூறுக்கு இன்னும் எத்தனை பாரிஸ் என்று எண்ணிப் பார்த்தாள். அது ஆகாது. பிறகு அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தாள். அது இரண்டே நாளில் ஆகிவிடும் போலிருந்தது.

அட்டவணை போடும் மேஜைக்குத் திரும்பிப் போனாள்.

“மேடம், எனக்கு டோக்கியோ போடுறீங்களா? நாளைக்கும், நாளை மறுநாளும்.”

உஷாராணி மேடம் நிமிர்ந்து பார்த்தார். “டோக்கியோவா? நீயா கேக்கற?”

“ஊரப் பாக்கணும்போல இருக்கு மேடம்.”

மேடம் சிரித்துக்கொண்டே எழுதினார். ஒரிஜினல் கேட்ட பெண்ணுக்குத் தண்டனை போட நினைத்திருந்தார். அவளே வந்து வாங்கிக்கொண்டு போகிறாள்.

செவ்வாய்க்கிழமை பயணம் ஒழுங்காக முடிந்தது. பதினொன்று ஐந்தாயிற்று. கேப்டன் தலையை ஆட்டினார். புதன்கிழமை மறுபடி டோக்கியோவிலிருந்து கிளம்பினார்கள். வில்லியனூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கரண்டு போயிற்று.

ஃபேன் நின்றது. தகரக் கூரை அனலைக் கொட்டியது. ஒரு பெண் முந்தானையால் விசிறிக்கொண்டே எழுந்தாள். இன்னொருத்தியும் எழுந்தாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்த கேப்டன் ஆசையோடு திரும்பிப் பார்த்தார். அவருக்கும் வியர்த்தது. மூன்றாவதாக ஒருத்தி எழுந்தால் மோசமான வானிலை என்று அறிவித்துவிட்டு மோர் குடிக்கப் போகலாம். நாளை வியாழக்கிழமை. பயணம் இல்லாத நாள்.

குப்பு சேலையை உதறிக்கொண்டு எழப் போனாள். வைஜெயந்தி தள்ளுவண்டியை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

“குப்பக்கா, எழுந்துக்காத. உன் கால்ல வுழறேன். இன்னிக்கி இது போய்ச் சேந்தாத்தான் எனக்கு விடுதலை.”

“இன்னாடி ஒளற்ற? போய்ச் சேந்தா உனுக்கு நேரம் கொறையுமேடி. அந்தப் பையன் அழுதானே.”

“கொறையணும்க்கா. பூஜ்யத்துக்குக் கீழ போனா நான் சேரவே இல்லன்னு அர்த்தமாம். சேராதவளோட பேப்பர வச்சிக்க மாட்டாங்களாம்.”

 இத்தனை நாளில் இந்தப் பெண் இவ்வளவு நீளமாகப் பேசிக் குப்பு கேட்டதில்லை. அவள் திரும்பி, நரம்பைக் கடற்கரையிலிருந்து கூப்பிட்டால் பாகூர் வரை கேட்கும் குரலில் கத்தினாள்.

“ஏய்! எவடி அவ, எழுந்து நிக்கறவ? நடுவானத்துல எங்கடி எறங்குவ? உக்காருடி! நாலு வெயிலப் பாக்காதவளா நீ? கேப்டன் சாரே, வானம் நல்லாத்தான் கீது, வுடுங்க வண்டிய!”

“விமானம்” என்றார் கேப்டன் சோர்வாக.

“அத்தத்தான் வுடுங்க!”

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கிக்குக் கரண்டு இல்லாததால், வில்லியனூர் வந்துவிட்டதை வைஜெயந்தி வாயாலேயே கத்தி அறிவித்தாள். கடைசி சீட்டு வரை கேட்டது. யாரும் ரேஷன் கடைக்கு இறங்கவில்லை. சாயங்காலம் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தபோது முன் கடிகாரத்தில் காலை மணி ஆறு.

ஐந்தில் ஆறு போனால் என்ன மீதி என்று கேப்டன் இரண்டு தரம் கழித்துப் பார்த்தார்.

வியாழன் காலை அணிவகுப்பு. உஷாராணி மேடம் எதிர்பார்த்தது கண்ணீர், அதற்குப் பின்னால் ஓடிவரும் ஒரு தகப்பன், சிறப்புக் கட்டணம். வைஜெயந்திக்குத் தகப்பன் இல்லை. கண்ணீரும் இல்லை. தலை குனிந்து நின்றாள். குனிந்து நிற்பது அவளுக்கு எப்போதும் சுலபம்.

“யாரும் கூட வரலியா?” என்று மேடம் மெதுவாகக் கேட்டார். “கட்டணம் கட்டினா நாளைக்கே திருப்பி அனுப்பலாம். டோக்கியோக்கு.”

“வேணாம் மேடம். தப்புப் பண்ணிட்டேன். விதிப்படி செய்யுங்க.”

இத்தனை பேர் முன்னால் விதியை மீற முடியாது. மீறினால் பிரிட்டோவின் அப்பா கட்டிய கட்டணத்தைக் கேட்டுச் சால்வையோடு திரும்பி வருவார். கேப்டன் முன்னால் வந்து அவள் சட்டையிலிருந்து இறக்கை பேட்ஜைப் பிடுங்கினார். ஊசி வளைந்துகொண்டதால் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு பேசினார்.

“மாணவர்களே, இந்தப் பொண்ண நல்லாப் பாத்துக்கோங்க. இவள நாம பாத்ததே இல்ல. இவ இங்க வந்ததே இல்ல. ஒழுக்கம் இல்லாதவங்கள நாங்க வெளிய அனுப்பறதில்ல. உள்ளயே வராதவங்களா ஆக்கிடுவோம். அதுதான் ககனதீபம்!”

கைதட்டினார்கள். கூலி பாக்கி வாங்க வந்திருந்த குப்பு பின்னாலிருந்து கேட்டாள்:

“வராத பொண்ணு சங்கிலிய அடகு வச்சிக் கட்டுன பணம் மட்டும் எப்பிடி சாரே வந்துச்சி?”

கேப்டன் தடுமாறவில்லை. “கட்டணம்” என்றார், “நேரத்துக்கு அப்பாற்பட்டது.”

அதற்கும் கைதட்டினார்கள்.

உஷாராணி மேடம் பீரோவைத் திறந்தார். சொன்னபடி வெளியே எறிவதாக இருந்தது. ஆனால் அந்தச் சமயம் குப்பு வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்ததால், உறையோடு கையில் கொடுத்தார். உறையின் மூலையைக் கரையான் கொஞ்சம் அரித்திருந்தது. உள்ளே ஒன்றும் ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை சரிபார்ப்பு அறையில் ஓர் அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு சான்றிதழாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போடும் முன்னால் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

“டிகிரி முடிச்சு நாளாச்சே. நடுவுல வேற எங்கயாவது சேந்து படிச்சீங்களா?”

வைஜெயந்தி நிமிர்ந்து, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“இன்னும் சேரல சார்.”